புகையை வேலை வாங்கியவர்



முதலில் உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை பஸ்சுக்குக் காத்திருக்கும்போது, நின்றிருந்த ஒரு பழைய லாரி கிளம்புவதை உற்றுப் பாருங்கள். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் குப்பென்று கரும்புகை வரும். ஓரிரு நொடிகள்தான். வண்டி வேகம் எடுத்ததும் புகை குறைந்துவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு பாருங்கள், தப்பில்லை!

ஏனாத்தூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரம் இருக்கிறது. காலையில் பள்ளிப் பிள்ளைகள் அதன் நிழலில்தான் பஸ்சுக்கு நிற்பார்கள். ஓய்வு பெற்ற வாத்தியாரான எனக்கு அவர்களோடு பேசுவதுதான் காலை நேரப் பொழுதுபோக்கு. ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், கிளம்பும்போது மட்டும் ஏன் இத்தனை கறுப்பாகப் புகை வருகிறது, ஓடும்போது ஏன் வருவதில்லை என்று கேட்டான். அந்த லாரியின் பக்கவாட்டில் டர்போ என்று எழுதியிருந்தது. அது என்ன என்றும் கேட்டான். முப்பது வருடங்களுக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். அன்று பதில் தெரியாமல் தலையைச் சொறிந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு பல்கலைக்கழகம் இருப்பது எத்தனை வசதி பாருங்கள்! மாலையில் டீக்கடைக்கு வரும் இன்ஜினியரிங் மாணவர்களைப் பிடித்துக் கேட்டேன். புத்தகங்களையும் புரட்டினேன். அந்தப் பையனின் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைத்தது. கூடவே ஒரு மனிதரின் கதையும் கிடைத்தது.

அவர் பெயர் ஆல்பிரட் பியூகி. ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் பூச்சி என்றுதான் படிக்கத் தோன்றும். சிரித்துவிட்டீர்களா? நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் மொழியில் அதைப் பியூகி என்பதுபோலத்தான் சொல்ல வேண்டும்.

பியூகி பிறந்தது 1879ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி. ஊர் சுவிட்சர்லாந்து நாட்டில் உள்ள விண்டர்தூர். ஏனாத்தூர் மாதிரியே தூர் என்று முடிகிற ஊர்! அந்த ஊரில் சுல்சர் என்ற பெரிய இயந்திரத் தொழிற்சாலை இருந்தது. பியூகியின் அப்பா அங்கே உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். நாடா இல்லாமலே நெய்யும் தறியை 1953ல் விற்பனைக்குக் கொண்டு வந்த கம்பெனியும் இதே சுல்சர்தான். நெசவாளர் வீடுகளில் தறிச் சத்தத்தோடு பிள்ளைகள் வளர்வதுபோல், பியூகி இயந்திரச் சத்தத்தோடு வளர்ந்தார்.

பியூகி பிறந்த அதே 1879ல் இருபது வயதைத் தாண்டிய ஓர் இளைஞர் தொழில் பழகுவதற்காக அதே சுல்சருக்கு வந்திருந்தார். அவர் ருடால்ப் டீசல்! பிற்காலத்தில் டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்தவர். அவர் கண்டுபிடித்த இன்ஜினுக்குப் புது மூச்சு கொடுக்கப் போகும் குழந்தை அதே ஊரில் தொட்டிலில் கிடந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பியூகி 1899ல் சூரிச் நகரில் உள்ள புகழ் பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் படிக்கச் சேர்ந்தார். அப்போது அங்கே கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை உங்களுக்குத் தெரியும். ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்! அவரும் 1879ல் பிறந்தவர்தான். 1903ல் பட்டம் பெற்ற பியூகி, பெல்ஜியத்துக்கும் இங்கிலாந்துக்கும் போய் வேலை பார்த்தார். பெல்ஜியத்தில் இருந்தபோதுதான் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கேள்வி என்னவென்று புரிய வேண்டுமானால், இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று நாம் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இன்ஜினுக்குள் சிலிண்டர் என்கிற உருளை இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். அது கீழே இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். மேலே ஏறும்போது அந்தக் காற்றை நெருக்கும். நெருக்கினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். டீசல் இன்ஜினில் காற்றை நெருக்கும் நெருக்கலில், அதற்குள் பீய்ச்சிய டீசல் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். மறுபடி மேலே வரும்போது எரிந்த வாயுவை வெளியே துரத்தும். இழு, நெருக்கு, எரி, துரத்து! இந்த நான்கும் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

வெளியே துரத்தப்படுவது வெறும் புகை என்று நினைக்காதீர்கள். அது பல நூறு டிகிரி சூட்டோடு சீறிக்கொண்டு போகிற வாயு. எரிபொருளில் உள்ள சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்ற உதவுகிறது. இன்னொரு பங்கு இன்ஜினைக் குளிர வைப்பதிலேயே போய்விடுகிறது. மிச்சமுள்ள பங்கு புகைக்குழாய் வழியாக ஊரைச் சூடாக்கப் போகிறது. மூன்று ரூபாய்க்கு எண்ணெய் வாங்கினால் ஒரு ரூபாய்க்குத்தான் வேலை நடக்கிறது!

புகைக்குழாயில் போகிற அந்தப் பங்கில் கொஞ்சத்தையாவது திரும்பப் பிடிக்க முடியாதா? இதுதான் இளைஞர் பியூகியைத் தூங்க விடாத கேள்வி.

அவர் கண்ட வழியை நம் சமையலறையில் இருந்தே சொல்லலாம். விறகு அடுப்பு மங்கினால் பாட்டி என்ன செய்வார்? ஊதாங்குழலை எடுத்து ஊதுவார். காற்று அதிகம் கிடைத்ததும் விறகு சடசடவென்று எரியும். இன்ஜினும் அப்படித்தான். காற்றை அழுத்தி அதிகமாக உள்ளே தள்ளினால், அதிக டீசலை நன்றாக எரிக்கலாம். அதே அளவு இன்ஜினில் அதிக பலம் கிடைக்கும். சரி, யார் ஊதுவது? பியூகியின் பதில்: வெளியே போகிற வாயுவே ஊதட்டும்!

ஒரே தண்டின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு இதழ்ச் சக்கரம் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் புகை போகும் வழியில் இருக்கும். வாயு சீறிப் போகும்போது அது காற்றாடிபோலச் சுற்றும். அது சுற்றினால் தண்டும் சுற்றும். தண்டு சுற்றினால் மறு முனையில் உள்ள சக்கரமும் சுற்றும். அந்த மறு சக்கரம் இருப்பது காற்று உள்ளே வரும் வழியில். அது வெளிக்காற்றை வாரி இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் தள்ளும். வீணாகப் போகிற புகைக்கு வேலை கொடுத்து, அதையே புதுக் காற்றுக்கு ஊதாங்குழல் ஆக்கிவிட்டார். இன்று டர்போசார்ஜர் என்று சொல்வது இதைத்தான்.

1905ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, இந்த யோசனைக்கு ஜெர்மனியில் அவர் காப்புரிமை கேட்டுப் பதிவு செய்தார். வயது 26. அந்தக் காலத்து வரைபடத்தில் இன்ஜின், இரண்டு சக்கரங்கள் எல்லாமே ஒரே தண்டில் இணைந்திருந்தன. பிற்பாடுதான் இன்ஜினிலிருந்து சக்கரங்களைப் பிரித்துத் தனியாகச் சுற்ற விட்டார். அதே 1905ல்தான் ஐன்ஸ்டீனும் உலகத்தைப் புரட்டிப் போட்ட கட்டுரைகளை எழுதினார். அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? சுவிட்சர்லாந்துக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரி பார்க்கும் வேலை! பியூகியின் விண்ணப்பம் ஜெர்மனிக்குப் போனதால் அவர் மேசைக்கு வரவில்லை.

காகிதத்தில் படம் போட்டாகிவிட்டது. உடனே தொழிற்சாலைகள் ஓடி வந்து வாங்கிக்கொண்டனவா? இல்லை. அந்த நாளில் அந்தச் சக்கரங்களைச் சரியாகச் செய்யத் தெரியாது. வாயுவின் சூட்டை நெடுநேரம் தாங்கும் உலோகம் இல்லை. அத்தனை வேகமாகச் சுற்றும் தண்டைத் தாங்கிப் பிடிப்பதும் கஷ்டம். 1908க்குப் பிறகு ஊருக்குத் திரும்பிய பியூகி, சுல்சரிலேயே சோதனைகளைத் தொடர்ந்தார். 1915ல் மாதிரி இயந்திரம் ஒன்று தயாரானது. அது எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. விமானங்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். ஊட்டிக்குப் போகும்போது பழைய வண்டிகள் மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டி 2240 மீட்டர் உயரம்தான். அதைவிட உயரத்தில் பறக்கிற விமானத்தின் பாடு எப்படி இருக்கும்! பிரான்சில் ராட்டோ என்ற பொறியாளர் புகையால் சுற்றும் சக்கரத்தை விமான இன்ஜினில் பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பவர் 1918ல் ஓர் இன்ஜினை லாரியில் ஏற்றி, சுமார் 4300 மீட்டர் உயரமான பைக்ஸ் மலை உச்சிக்கே கொண்டு போய்ச் சோதித்தார். மெல்லிய காற்றிலும் இன்ஜின் பலம் குறையாமல் ஓடியது. யோசனை சரிதான் என்று உலகம் மெதுவாக நம்பத் தொடங்கியது.

இதற்குள் பியூகிக்கு நாற்பது வயது ஆகிவிட்டது. அந்தக் காலத்து ஜெர்மன் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 15 ஆண்டுகள்தான். அவருடைய கருவியோ உருப்படியாக வேலை செய்ய 20 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது! அத்தனை காலம் ஒரே யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு, தோற்ற இயந்திரங்களுக்கு நடுவில் ஒருவர் நின்றிருக்கிறார் என்றால் அதை என்னவென்று சொல்வது? நானாக இருந்தால் நாலாவது வருடமே வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

வெற்றி வந்தது 1925ல். டீசல் இன்ஜினோடு அவருடைய சக்கரங்களைச் சேர்த்தபோது பலம் 40 சதவீதத்துக்கு மேல் கூடியது. அந்த வெற்றிக்குக் காரணமான விஷயத்தை மட்டும் நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் போகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இன்ஜினிலிருந்து வாயு குழாய்த் தண்ணீர்போல ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது குப்பென்று ஊதும், நிறுத்தும். மறுபடி குப்பென்று ஊதும். நாலைந்து சிலிண்டர்களின் வாயுவையும் ஒரே குழாயில் விட்டால் என்ன ஆகும்? ஒரு சிலிண்டர் ஊதுகிற வேகம், பக்கத்துச் சிலிண்டரின் வாயிலில் போய் முட்டி, அதன் மூச்சை அடைக்கும். அந்த வீச்சின் பலமும் குழாயிலேயே கரைந்துவிடும்.

வைகாசி மாதக் கருட சேவைக்குக் காஞ்சிபுரம் வந்திருக்கிறீர்களா? எல்லாத் தெருக்களில் இருந்தும் வருகிற கூட்டத்தை ஒரே வழியில் விட்டால் யாரும் நகர முடியாது. அதனால் சவுக்குக் கட்டைகளைக் கட்டித் தனித்தனி வழி பிரித்துவிடுவார்கள். பியூகி செய்ததும் அதுதான்! ஒரே சமயத்தில் ஊதாத சிலிண்டர்களை ஒரு குழுவாகச் சேர்த்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தனிக் குழாய் போட்டுச் சக்கரம் வரை கொண்டு போனார். இப்போது ஒவ்வொரு வீச்சும் யார் மீதும் முட்டாமல், தன் முழு வேகத்தோடு சக்கரத்தை அடித்தது. இரண்டு வீச்சுகளுக்கு நடுவில் குழாயில் அழுத்தம் இறங்கும் அல்லவா? அந்தக் கண நேரத்தில் உள்வழி வால்வையும் வெளிவழி வால்வையும் சேர்த்துத் திறந்து, புதுக் காற்றைக் கொண்டு சிலிண்டரில் மிச்சமிருக்கும் எரிந்த வாயுவைக் கூட்டித் தள்ளினார். வீட்டைப் பெருக்கிவிட்டு விளக்கேற்றுவதுபோல! சிலிண்டரும் குளிர்ந்தது. இந்த முறைக்குத்தான் 1925ல் தன் பெயரிலேயே சுவிட்சர்லாந்துக் காப்புரிமை பெற்றார்.

பிரியூசன், ஹன்சாஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்கள் 1926ல் கடலுக்கு வந்தன. அவற்றில் இருந்த பத்து சிலிண்டர் டீசல் இன்ஜின்களில் பியூகியின் மேற்பார்வையில் டர்போசார்ஜர் பொருத்தினார்கள். 1750 குதிரைத்திறனாக இருந்த இன்ஜின் 2500 குதிரைத்திறன் ஆனது. இன்ஜினைப் பெரிதாக்காமலே இத்தனை கூடுதல் பலம்! அதே 1926ல் பியூகி, பிரவுன் போவெரி என்ற கம்பெனி, விண்டர்தூரில் ரயில் இன்ஜின் செய்த தொழிற்சாலை மூவரும் சேர்ந்து ஒரு கூட்டு அமைப்பைத் தொடங்கினார்கள். டர்போசார்ஜர் செய்வது பிரவுன் போவெரியின் பொறுப்பு. சோதிப்பதற்கு டீசல் இன்ஜின் கொடுப்பது ரயில் இன்ஜின் தொழிற்சாலையின் பொறுப்பு. வடிவமைப்பும், வாங்குகிறவர்களோடு பேசுவதும் பியூகியின் பொறுப்பு.

1938ல் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. சுவிட்சர்லாந்தின் சௌரர் தொழிற்சாலை, டர்போசார்ஜர் பொருத்திய முதல் லாரி இன்ஜினைச் செய்தது. பியூகி படித்த அதே சூரிச் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1959ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி தன் சொந்த ஊரான விண்டர்தூரிலேயே அவர் காலமானார். வயது 80.

இன்னும் மூன்று வருடம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஏனென்றால் 1962ல்தான் டர்போசார்ஜர் வைத்த கார்கள் முதன்முதலாக அமெரிக்காவில் கடைக்கு வந்தன. அதே 1962ல்தான் நம் இந்திய ரயில்வேக்கு டபிள்யு.டி.எம்.2 என்ற டீசல் இன்ஜின்கள் அமெரிக்காவிலிருந்து வந்தன. அவற்றிலும் டர்போசார்ஜர் உண்டு. 1964 முதல் வாரணாசியில் நாமே அவற்றைச் செய்யத் தொடங்கினோம். உங்கள் தாத்தா பாட்டி டீசல் ரயிலில் ஊருக்குப் போயிருந்தால், பியூகியின் சக்கரம் இழுத்துத்தான் போயிருப்பார்கள். அந்த ரயில் இன்ஜின் கிளம்பும்போது மேலே கரும்புகை எழும்பும் பாருங்கள், அதை நான் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

கரும்புகை என்றதும் நம் ஆறாம் வகுப்புப் பையன் ஞாபகம் வருகிறதா? வாருங்கள், அவன் கேள்விக்குப் போவோம்.

கப்பல் ஒரு தடவை கிளம்பினால் நாள் கணக்கில் ஒரே வேகத்தில் போகும். டர்போசார்ஜரும் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சாலையில் அப்படியா? ஏனாத்தூரிலிருந்து காஞ்சிபுரம் பஸ் நிலையம் போவதற்குள் எத்தனை நிறுத்தம், எத்தனை வேகத்தடை, எத்தனை மாடு! வண்டி நிற்கிறது, கிளம்புகிறது, மறுபடி நிற்கிறது. இங்கேதான் சிக்கல்.

தார் சுற்றும் ராட்டையைச் சுற்றிப் பார்த்த பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். கையை வைத்ததும் ராட்டை முழு வேகத்தில் ஓடிவிடுமா? முதல் சுற்று மெதுவாகத்தான் வரும். பிறகுதான் வேகம் பிடிக்கும். சக்கரம் கனமாக இருந்தால் இன்னும் நேரம் ஆகும். வரதராஜப் பெருமாள் கோயில் தேர் முதல் அடி நகர எத்தனை பேர் வடம் பிடிக்க வேண்டியிருக்கிறது!

டர்போசார்ஜர் சக்கரமும் அப்படியே. கார்களில் உள்ள சின்னச் சக்கரம் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் தடவைகூடச் சுற்றும். ஆனால் வண்டி சும்மா நிற்கும்போது, சுற்றுவதற்குப் போதுமான வாயு வராது. மெதுவாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். டிரைவர் திடீரென்று ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். டீசல் உடனே பாய்ந்துவிடுகிறது. காற்று? வாயு வந்து சக்கரத்தை முடுக்கினால்தான் கூடுதல் காற்று வரும். கூடுதல் வாயு வர வேண்டுமானால் கூடுதலாக எரிய வேண்டும். ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கிறது. அந்த ஓரிரு நொடிகளில் டீசல் அதிகம், காற்று குறைவு. அரைகுறையாக எரிந்த டீசல்தான் கரியாக, கரும்புகையாக வெளியே வருகிறது. சக்கரம் வேகம் பிடித்ததும் காற்று கிடைக்கிறது, புகை குறைகிறது. பராமரிப்பு இல்லாத வண்டி எப்போதுமே புகை விடும், அது வேறு கதை.

அந்த ஓரிரு நொடிகள் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்சுக்குப் பின்னால் சைக்கிளில் போகிற பிள்ளையின் நெஞ்சுக்குள் போவது அந்தப் புகைதான். முந்திச் செல்ல நினைத்து மிதித்த டிரைவருக்குப் பலம் தாமதமாக வந்தால், எதிரே வருகிற வண்டிக்கு ஆபத்து.

கார்ப் பந்தயத்தில் இந்தத் தாமதம் ஒரு கம்பெனியையே படாத பாடு படுத்தியது. 1977ல் பிரான்சின் ரெனோ கம்பெனி டர்போசார்ஜர் வைத்த மஞ்சள் நிறப் பந்தயக் காரை இறக்கியது. அது அடிக்கடி பழுதாகிப் புகை விட்டதால் மஞ்சள் டீ கெட்டில் என்று கேலிப் பெயர் வைத்தார்கள். ஓட்டுநர் வளைவு முடிவதற்கு முன்பே ஆக்சிலேட்டரை மிதித்து வைக்க வேண்டும். அப்போதுதான் வளைவு முடியும் நேரத்துக்குப் பலம் வந்து சேரும்! பிறகு ஒரு பெரிய சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சின்னச் சக்கரங்களைப் பொருத்தினார்கள். சின்னச் சக்கரம் சட்டென்று வேகம் பிடித்தது. 1979 ஜூலை 1ஆம் தேதி, கேலிக்கு ஆளான அந்தக் கம்பெனியின் டர்போ கார் பிரான்சில் முதல் பரிசு வாங்கியது. பியூகி பிறந்து நூறு வருடம் நிறையப் பத்தே நாள் இருந்தது!

சரி, எந்த அளவுச் சக்கரம் வைத்தால் எத்தனை நொடி தாமதம் ஆகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பியூகியின் காலத்தில் செய்து பார்ப்பதுதான் வழி. சக்கரம் செய், பொருத்து, ஓட்டு, சரியில்லையா, கழற்று. ஒரு சோதனைக்கு மாதக்கணக்கில் ஆகும். இப்போது பொறியாளர்கள் உலோகத்தை வெட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். இதற்கு சிமுலேஷன் என்று பெயர். இன்ஜினை ஒரு பெரிய கணக்காக மாற்றுகிற வேலை அது.

ஒரு நொடியை ஆயிரக்கணக்கான துண்டுகளாக நறுக்கிக்கொள்வார்கள். முதல் துண்டில் எவ்வளவு வாயு வருகிறது? அது சக்கரத்தை எவ்வளவு முடுக்குகிறது? முடுக்கிய சக்கரம் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது? அந்தக் காற்றில் எவ்வளவு டீசல் எரிகிறது? அதனால் எவ்வளவு வாயு வருகிறது? அந்த விடையை எடுத்துக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். பியூகி பிரித்து விட்டாரே, அந்தக் குப் குப் வீச்சுகள், அவை ஒவ்வொன்றும் குழாயில் ஓடி முட்டித் திரும்புவதையும் கணக்கில் சேர்ப்பார்கள்.

இதை நீங்களும் பென்சிலால் செய்யலாம். கட்டம் போட்ட நோட்டு ஒன்று எடுங்கள். சக்கரத்தின் முழு வேகம் 100 என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய வேகம் 0. லேசான சக்கரம், ஒவ்வொரு படியிலும் மிச்சமுள்ள தூரத்தில் பாதியைக் கடக்கும் என்று விதி வைப்போம். முதல் படியில் 50. மிச்சம் 50ல் பாதி 25, ஆக இரண்டாம் படியில் 75. மூன்றாம் படியில் 87½. இப்போது கனமான சக்கரம். அது ஒவ்வொரு படியிலும் மிச்சத்தில் கால் பங்குதான் கடக்கும். முதல் படியில் 25. மிச்சம் 75ல் கால் பங்கு 18¾, ஆக இரண்டாம் படியில் 43¾. இப்படியே போட்டுப் பாருங்கள். லேசான சக்கரம் மூன்று படியில் தொட்ட 87½ஐக் கனமான சக்கரம் தாண்ட எட்டு படி ஆகும்! இரண்டையும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், இரண்டு வளைவுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கரும்புகை. உண்மையான கணக்கு இதைவிடப் பல மடங்கு கடினம். ஆனால் படிப்படியாகப் போவது ஒன்றுதான்.

அப்படியானால் எல்லா வண்டிக்கும் லேசான குட்டிச் சக்கரம் வைத்துவிடலாமே என்பீர்கள். வைத்தால் கிளம்பும்போது சுகம். நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போகும்போது வாயு அத்தனையும் அந்தச் சின்ன வழியில் நெரிபடும், சக்கரம் அளவுக்கு மீறிச் சுற்றும். அதற்காகக் கூடுதல் வாயுவை வேறு வழியில் விடுவதற்கு ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். வாயு வரும் வழியை அகலமாகவும் குறுகலாகவும் மாற்றும் திருகு இதழ்கள் வைத்தார்கள். காற்று வரும் வரை டீசலைப் பிடித்து வைக்கும் கருவி வைத்தார்கள். சில கார்களில் சக்கரத்தை முடுக்கிவிட ஒரு குட்டி மின் மோட்டாரே வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் அந்த ஓரிரு நொடிகளோடு நடக்கிற மல்லுக்கட்டுதான்.

2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புது வண்டிகள் பி.எஸ்.6 என்ற கடுமையான புகை விதிக்கு உட்பட்டவை. புது டீசல் லாரிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் உண்டு. அதனால் கரும்புகை விடும் லாரியைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் பழைய லாரிக்குத்தான் காத்திருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போனால் ஒரகடம் வரும். அங்கே லாரி, கார் தொழிற்சாலைகளோடு, வண்டிகளைச் சோதிக்கும் மத்திய அரசு மையமும் இருக்கிறது.

இதையெல்லாம் அந்த ஆறாம் வகுப்புப் பையனுக்கு வேப்பமரத்தடியில் நாலு நாளாகச் சொன்னேன், ஒவ்வொரு நாளும் பஸ் வரும் வரை. ஐந்தாம் நாள் அவன் கணக்கு நோட்டில் இரண்டு வளைவும் போட்டுக்கொண்டு வந்தான். கனமான சக்கரத்துக்கு ஏழாம் படியில் ஒரு கூட்டல் தப்பு. திருத்தினேன். இப்போது நின்றிருந்த லாரி ஏதாவது கிளம்பினால், அவன் வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறான். நேற்று கரும்பு ஏற்றிப் போன ஒரு பழைய லாரிக்கு நான்கு வரை எண்ணினான்.